பேப்பரில் வந்தால் உண்மையா? நெட்டில் வந்தால் பொய்யா? உங்களுக்குத் தெரியுமா!

"பேப்பர்லயே வந்திருக்கு!" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால் நம் வீடுகளில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. "நெட்ல வந்ததா? விடு!" என்பது அடுத்த தீர்ப்பு. எடிசனிலும் இதே கதை, ஃப்ரீமான்ட்டிலும் இதே கதை, இர்விங்கிலும் இதே கதைதான்! இந்தத் தீர்ப்பு சரியா? முந்நூறு ஆண்டுப் பத்திரிகை வரலாற்றைத் துழாவி அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் சரவெடி! படியுங்கள்!

நியூ ஜெர்சி: சூனியக்காரர் முதல் ட்ரோன் வரை

சூனியக்காரர்களைத் தராசில் ஏற்றிப் பைபிளோடு எடை பார்த்தார்களாம்! மவுன்ட் ஹோலியில் 300 பேர் கூடி வேடிக்கை பார்த்தார்களாம்! 1730 அக்டோபரில் 'பென்சில்வேனியா கெஸட்' அச்சிட்ட செய்தி இது. அப்படி எதுவும் நடக்கவே இல்லை! பத்திரிகையை நடத்தியவர் யார்? நூறு டாலர் நோட்டில் இருக்கிறாரே, அதே பெஞ்சமின் ஃபிராங்க்ளின்! எழுதியதும் அவரே என்கிறார்கள் ஆய்வாளர்கள்!

1909 ஜனவரி. சிறகும் குளம்பும் கொண்ட 'ஜெர்சி பிசாசு' ஊர் ஊராகப் பறக்கிறது என்று பத்திரிகைகள் ஒரு வாரம் முழுக்கப் போட்டி போட்டு எழுதின. பிலடெல்ஃபியாவில் ஒரு கண்காட்சிக்காரர் "பிடித்தாயிற்று!" என்று டிக்கெட் போட்டே காட்டினார். கூண்டுக்குள் இருந்தது என்ன? பொய்ச் சிறகு கட்டிய கங்காரு!

வெஸ்ட் விண்ட்சரில் வீடு வாங்கியிருக்கிறீர்களா? செவ்வாய்க் கிரகத்தார் இறங்கியது உங்கள் பேட்டையில்தான்! 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் நடத்திய வானொலி நாடகத்தில் அவர்கள் வந்து இறங்கிய இடம் க்ரோவர்ஸ் மில். வான் நெஸ்ட் பூங்காவில் இன்றும் அதற்கு நினைவுச் சின்னம் நிற்கிறது!

மறுநாள் காலைப் பேப்பர்கள் "நாடே பீதியில்" என்று கொட்டை எழுத்தில் அலறின. நாடகம் ஒலிபரப்பான இரவில் எடுத்த தொலைபேசிக் கணக்கெடுப்பில் அந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்? வெறும் 2 சதவீதம்! பேப்பர்களின் விளம்பர வருமானத்தை வானொலி அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. பீதியை ஊதிப் பெருக்கியதே பேப்பர்கள்தான் என்கிறார்கள் ஊடக ஆய்வாளர்கள்!

அப்போது செவ்வாய்க் கிரகம், இப்போது ட்ரோன்! 2024 நவம்பரில் மோரிஸ் கவுன்டி வானில் மர்ம விளக்குகள் தெரிவதாகப் பேச்சு கிளம்பியது. அவ்வளவுதான், சமூக ஊடகம் பற்றிக்கொண்டது! எஃப்.பி.ஐ.க்கு வந்த தகவல்கள் 5,000-க்கு மேல். அவற்றில் விசாரிக்கத் தகுந்தவை என்று தேறியவை சுமார் 100!

அந்தப் பரபரப்பில் மேரிலாந்தின் முன்னாள் ஆளுநர் ஒருவரும் "என் வீட்டுக்கு மேலே ட்ரோன்கள்!" என்று வீடியோ போட்டார். வானியல் தெரிந்தவர்கள் உற்றுப் பார்த்தார்கள். அதில் இருந்தது ஒரையன் விண்மீன் கூட்டம்!

இதைக் கவனியுங்கள். நியூ ஜெர்சியின் மிகப் பெரிய நாளிதழான 'ஸ்டார்-லெட்ஜர்' அச்சை நிறுத்தப் போவதாக அறிவித்த நாள் எது? 2024 அக்டோபர் 30. செவ்வாய்க் கிரக நாடகத்தின் அதே தேதி! கடைசி அச்சுப் பிரதி 2025 பிப்ரவரி 2-ல் வந்தது.

'தி சொப்ரானோஸ்' தொடரில் டோனி சொப்ரானோ குளியல் அங்கியோடு வாசலுக்கு நடந்து போய்க் குனிந்து எடுப்பாரே ஒரு பேப்பர்? அது இதே ஸ்டார்-லெட்ஜர்தான்!

ஜெர்சி சிட்டி நியூவார்க் அவென்யூவில் தோசை சாப்பிட எந்த ஸ்டேஷனில் இறங்குவீர்கள்? ஜர்னல் ஸ்கொயர். அந்தப் பெயர் 'ஜெர்சி ஜர்னல்' நாளிதழிலிருந்து வந்தது! 1867-ல் தொடங்கிய அந்தப் பேப்பர் 2025 பிப்ரவரி 1-ல் மூடப்பட்டது. 157 ஆண்டுப் பேப்பர் போயே போய்விட்டது, ஸ்டேஷன் பெயர் மட்டும் நிற்கிறது!

செய்தியை எடை போடுவது பள்ளிப் பாடம்! மழலை வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தகவலைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுத்தே தீர வேண்டும் என்று 2023 ஜனவரியில் சட்டம் போட்டது நியூ ஜெர்சி. அமெரிக்காவிலேயே முதல் மாநிலம்!

பே ஏரியா: 20 டாலர் கடனும் 10 டாலர் பேப்பரும்

1859-ல் சான் ஃபிரான்சிஸ்கோ பத்திரிகை அலுவலகத்துக்குள் ஒருவர் நுழைந்து, "நான்தான் அமெரிக்காவின் சக்கரவர்த்தி" என்று எழுதிய தாளை நீட்டினார். பத்திரிகை அதை அப்படியே அச்சிட்டது! அவர்தான் 'சக்கரவர்த்தி நார்ட்டன்'. பேப்பர்களுக்கு அவர்மேல் கொள்ளை ஆசை. அவர் பெயரில் பொய்க் கட்டளைகளைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள்!

மார்க் ட்வெய்னும் பொய்ச் செய்தி எழுதியவர்தான்! 1863-ல் நெவாடா பத்திரிகை ஒன்றில் அவர் எழுதிய படுகொலைச் செய்தி முழுக்க முழுக்கக் கற்பனை. சான் ஃபிரான்சிஸ்கோ பத்திரிகைகளும் உண்மை என்று நம்பி எடுத்துப் போட்டன. மறுநாளே "எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதிவிட்டார் ட்வெய்ன்!

'சான் ஃபிரான்சிஸ்கோ க்ரானிக்கிள்' பிறந்தது கடனில்! 1865-ல் பதின்ம வயதுச் சகோதரர்கள் இருவர் 20 டாலர் கடன் வாங்கித் தொடங்கினார்கள். நம் சென்னை 'தி இந்து'? 1878-ல் ஆறு இளைஞர்கள் 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி அச்சடித்தார்கள். முதல் இதழ் 80 பிரதிகள்!

1906 ஏப்ரல் 18. பூகம்பம் சான் ஃபிரான்சிஸ்கோவை உலுக்கியது. அச்சகங்கள் முடங்கின. மறுநாள் பேப்பர் வந்ததா? வந்தது! கால், க்ரானிக்கிள், எக்ஸாமினர் என்ற மூன்று பரம வைரிகளும் ஒன்றாகச் சேர்ந்து, ஓக்லாந்து ட்ரிப்யூன் அச்சகத்தில், மூன்று பெயரையும் ஒரே தலைப்பில் போட்டு ஒரே பேப்பர் கொண்டுவந்தார்கள்!

எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இது! 1981-லேயே பே ஏரியாவில் சிலர் கணினியில் பேப்பர் படித்தார்கள்! தொலைபேசிக் கைப்பிடியை இயந்திரத்தில் பொருத்தி, நம்பரைச் சுழற்றிக் காத்திருக்க வேண்டும். படம் கிடையாது, விளம்பரம் கிடையாது. வெறும் எழுத்து மட்டும். ஒரு பேப்பர் முழுதாக வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல்! கட்டணம் மணிக்கு 5 டாலர். தெருவில் அதே பேப்பர் 20 சென்ட்! கணக்குப் போடுங்கள்: ஒரு பேப்பர் 10 டாலர்!

1993-ல் 'சான் ஹோசே மெர்க்குரி நியூஸ்' ஏ.ஓ.எல். வழியாக இணையத்துக்கு வந்தது. அமெரிக்க நாளிதழ்களில் முன்னோடி! கூகுள் நிறுவனம் பிறக்க இன்னும் 5 ஆண்டுகள் இருந்தன!

பேப்பரை வீழ்த்தியது பொய்ச் செய்தியா? இல்லை, பழைய சோபா! "சோபா விற்பனைக்கு", "வீடு வாடகைக்கு" போன்ற வரி விளம்பரங்கள்தான் பேப்பர்களின் பணப்பெட்டி. 1995-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் தொடங்கிய 'கிரெய்க்ஸ்லிஸ்ட்' அதை இலவசமாக்கியது. 2000 முதல் 2007 வரை பேப்பர்கள் இழந்த விளம்பரப் பணம் ஓர் ஆய்வின் மதிப்பீட்டில் 500 கோடி டாலர்! அவர் பிறந்த ஊர் நியூ ஜெர்சியின் மோரிஸ்டவுன்! 2018-ல் அவரே நியூயார்க்கின் இதழியல் கல்லூரி ஒன்றுக்கு 2 கோடி டாலர் கொடுத்தார். இன்று அந்தக் கல்லூரிக்கு அவர் பெயர்!

"எங்க பிள்ளைங்க நெட்ல புலி!" என்று நினைக்கிறீர்களா? ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 12 மாநிலங்களில் 7,804 பதில்களை அலசி 2016-ல் வெளியிட்டார்கள். நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் விளம்பரத்தையும் செய்தியையும் பிரித்தறியத் தெரியாமல் திணறினார்கள்!

அதே ஸ்டான்ஃபோர்டு குழுவின் இன்னொரு சோதனை. ஒரு பக்கம் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள், இன்னொரு பக்கம் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், மூன்றாவது பக்கம் தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள். வென்றது யார்? சரிபார்ப்பவர்கள்! அவர்கள் ரகசியம் என்ன தெரியுமா? தளத்தை முழுதாகப் படிக்கவே இல்லை! உடனே பக்கத்தில் புது டேப் திறந்து, "யார் இவர்கள்?" என்று வெளியே விசாரித்தார்கள்!

கேட்டுத்தான் போட்டார்கள், ஆனாலும் தப்பு! 2013 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏசியானா விமானம் விபத்துக்குள்ளானது. ஓக்லாந்தின் கே.டி.வி.யு. தொலைக்காட்சி விமானிகளின் பெயர்களை வாசித்தது. எல்லாமே யாரோ கட்டிய கேலிப் பெயர்கள்! "சரிதான்" என்று உறுதி செய்தது யார்? அரசு விசாரணை அமைப்பில் கோடைப் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவர்!

பேப்பரைக் கட்டிப் பரணில் போட்டால் 50 ஆண்டு கழித்தும் கிடைக்கும். இணையப் பக்கம்? 2013-ல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டில் காணாமல் போனது என்கிறது பியூ ஆய்வு மையம்!

அதற்கும் பே ஏரியா மருந்து வைத்திருக்கிறது! சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' 2025 வரை சேமித்த இணையப் பக்கங்கள் 1 லட்சம் கோடி!

கலைக்களஞ்சியமா, விக்கிப்பீடியாவா? 2005-ல் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை நிபுணர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. கட்டுரைக்குப் பிரிட்டானிக்காவில் சுமார் 3 பிழை. விக்கிப்பீடியாவில் சுமார் 4. வித்தியாசம் ஒன்றே ஒன்று!

அச்சே இல்லாத செய்தித்தளம் புலிட்சர் பரிசு வாங்குமா? வாங்கிவிட்டது! 2023 வெள்ளத்தையும் மண்சரிவையும் ஊர் மக்களுக்காக விடாமல் எழுதிய 'லுக்அவுட் சான்டா க்ரூஸ்' 2024-ல் பரிசைத் தட்டிச் சென்றது. அப்போது அதற்கு 4 வயதுகூட நிறையவில்லை!

டெக்சாஸ்: கல்லறையில் ஒரு வேற்றுகிரகவாசி

1897 ஏப்ரல் 19. 'டாலஸ் மார்னிங் நியூஸ்' ஒரு குட்டிச் செய்தி போட்டது. அரோரா என்ற சிற்றூர். விடியற்காலை வானிலிருந்து ஒரு பறக்கும் கப்பல் தாழ வந்தது. நீதிபதி ப்ராக்டரின் காற்றாலையில் மோதியது. சுக்குநூறானது! உள்ளே இருந்த மாலுமி இந்த உலகத்து ஆளே இல்லை. ஊர் கூடி அவருக்கு இறுதிச் சடங்கு நடத்தப் போகிறது! இவ்வளவும் அச்சில் வந்தது. ஊர்க் கல்லறையில் மாநில வரலாற்று ஆணையம் நட்ட பலகை இன்றும் அந்தக் கதையைச் சொல்கிறது!

அதே டாலஸ் மார்னிங் நியூஸ், கிட்டத்தட்ட 100 ஆண்டு கழித்து! 1997 பிப்ரவரி 28. ஓக்லஹோமா குண்டுவெடிப்பு வழக்கில் டிமத்தி மெக்வேயின் ஒப்புதல் பற்றிய மாபெரும் செய்தி கையில் இருக்கிறது. மறுநாள் பேப்பருக்குக் காத்திருந்தார்களா? இல்லை! முதலில் இணையத்தில் போட்டார்கள். தன் பேப்பரையே முந்திய பேப்பர்!

2004 செப்டம்பர். ஜார்ஜ் புஷ் டெக்சாஸ் ஏர் நேஷனல் கார்டில் இருந்த காலத்து ஆவணங்கள் என்று சி.பி.எஸ். தொலைக்காட்சி சில தாள்களைக் காட்டியது. 1970-களின் டைப்ரைட்டர் எழுத்தாம்! இணையத்தில் எழுதும் சாதாரண ஆட்கள் சில மணி நேரத்தில் சந்தேகத்தைக் கிளப்பினார்கள். எழுத்துகள் இன்றைய கணினியில் அடித்ததோடு அச்சு அசலாகப் பொருந்தின! 12-ஆம் நாள் அந்தச் செய்தியை வழங்கிய டான் ராதர் திரையில் மன்னிப்புக் கேட்டார்!

இதைப் படித்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2016 மே 21. ஹூஸ்டனில் ஓர் இஸ்லாமிய மையத்தின் முன் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் எதிர்க் கூட்டம். முகத்துக்கு முகம் கோஷம்! இரண்டு கூட்டத்தையும் அழைத்தவை இரண்டு ஃபேஸ்புக் பக்கங்கள். ஒன்று 'ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்', மற்றொன்று முஸ்லிம்களுக்கானது என்று சொல்லிக்கொண்ட பக்கம். இரண்டையும் நடத்தியது ரஷ்யாவில் இருந்த ஒரே நிறுவனம்! அமெரிக்க செனட் குழு சொன்ன மொத்தச் செலவு சுமார் 200 டாலர்!

2015-ல் பாஸ்ட்ரப் பக்கம் ராணுவப் பயிற்சி நடந்தது. "வால்மார்ட் கடைகளைச் சிறைச்சாலை ஆக்கப் போகிறார்கள்!" என்று இணையத்தில் வதந்தி பறந்தது. மாநில ஆளுநரே பயிற்சியைக் கண்காணிக்க டெக்சாஸ் காவல் படைக்கு உத்தரவு போட்டார்! சிறையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை!

அச்சு மட்டும் சுத்தமா? 2018-ல் 'ஹூஸ்டன் க்ரானிக்கிள்' தன் மூத்த நிருபர் ஒருவரின் செய்திகளைத் தோண்டியது. அவற்றில் பேசியதாக வந்த 275 பேரைத் தேடினார்கள். 122 பேர் கிடைக்கவே இல்லை! 8 செய்திகளைத் திரும்பப் பெற்றது பேப்பர். வெளியிலிருந்து ஒரு மூத்த பத்திரிகையாளரை வரவழைத்து விசாரித்து, முடிவைத் தன் பக்கத்திலேயே போட்டது. இதற்குத்தான் நான் தலை வணங்குவேன்!

'நியூயார்க் டைம்ஸ்' வரலாற்றின் பெரிய மானக்கேட்டை வெளியே இழுத்துப் போட்டது எது? ஒரு டெக்சாஸ் பேப்பரின் செய்தி! 2003-ல் 'சான் அன்டோனியோ எக்ஸ்பிரஸ்-நியூஸ்' எழுதியதை டைம்ஸ் நிருபர் ஜேசன் பிளேர் சுட்டு எழுதிய விஷயம் அம்பலமானது. 73 செய்திகளைச் சோதித்தார்கள். குறைந்தது 36-ல் கோளாறு! டைம்ஸ் முதல் பக்கத்தில் தொடங்கி 7,000 சொல்லுக்கு மேல் தன் குற்றத்தைத் தானே எழுதியது!

ஹூஸ்டன் க்ரானிக்கிள், சான் அன்டோனியோ எக்ஸ்பிரஸ்-நியூஸ், ஆஸ்டின் அமெரிக்கன்-ஸ்டேட்ஸ்மன், டாலஸ் மார்னிங் நியூஸ், கூடவே சான் ஃபிரான்சிஸ்கோ க்ரானிக்கிள். ஐந்து பேப்பர், ஐந்து ஊர். 2025 முதல் ஐந்துக்கும் ஒரே முதலாளி, ஹெர்ஸ்ட்!

ஆஸ்டினில் 2009-ல் தொடங்கிய 'டெக்சாஸ் ட்ரிப்யூன்' லாப நோக்கமில்லாத இணையச் செய்தித்தளம். அதன் செய்திகளை யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் போடலாம். டெக்சாஸ் பேப்பர்கள் எடுத்துப் போடுகின்றன. ஆக, உங்கள் கையிலிருக்கும் பேப்பர் செய்தியே ஆன்லைனில் பிறந்ததாக இருக்கலாம்!

நம்ம ஊர், நம்ம ஃபார்வர்டு

மார் தட்டிக்கொள்ளலாம்! தமிழில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது 1578-ல். இந்திய மொழிகளில் தன் எழுத்திலேயே அச்சான முதல் நூல்! இன்றைய அமெரிக்க மண்ணில் ஆங்கிலேயர்களின் முதல் அச்சகம் ஓடத் தொடங்கியது அதற்கு சுமார் 60 ஆண்டு கழித்துத்தான்! அந்தத் தமிழ் நூலின் பிரதி இன்று எங்கே இருக்கிறது? ஹார்வர்டு நூலகத்தில்!

தீபாவளி இரவில் நாசா எடுத்த இந்தியா! வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு என்று ஜொலிக்கும் அந்தப் படம் ஆண்டுதோறும் உங்கள் குடும்பக் குழுவுக்கு வந்துவிடும். அது தீபாவளியே இல்லை! பல ஆண்டு இரவு விளக்குகளை நிறம் பிரித்து அடுக்கிய படம். சிவப்பு என்றால் 2003 வாக்கில் புதிதாக விளக்கு வந்த இடம்! நாசாவே 2012-ல் விளக்கம் கொடுத்தது. ஃபார்வர்டு நின்றதா? நிற்கவில்லை!

"நம் தேசிய கீதமே உலகின் சிறந்த கீதம், யுனெஸ்கோ அறிவிப்பு!" எத்தனை முறை வந்திருக்கும்? யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று 2008-லேயே மறுத்துவிட்டது!

ஒன்று மட்டும் நெஞ்சை அடைக்கிறது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம், போளூர் அருகே. கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. வாட்ஸ்அப் பிறந்த இடம் பே ஏரியாவின் மவுன்டன் வியூ!

அந்த ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஃபார்வர்டுக்குக் கடிவாளம் விழுந்தது. ஒரு முறைக்கு 5 உரையாடல்கள்தான்! 2020 ஏப்ரலில் அதிகம் சுற்றிய செய்திகளுக்கு ஒன்றே ஒன்று என்றானது. அவற்றின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது வாட்ஸ்அப்!

'தி இந்து' 2006-ல் வாசகர் சார்பில் பிழை கேட்க ஓர் ஆசிரியரையே நியமித்தது. தன் தவறுகளைத் தினமும் தன் பக்கத்திலேயே திருத்த ஒரு தனி ஆள்!

பே ஏரியாவில் 2000 டிசம்பரில் பிறந்த 'தென்றல்' மாத இதழைத் தெரியாத அமெரிக்கத் தமிழர் உண்டா? பேப்பரா, நெட்டா என்ற சண்டையே அதற்கு இல்லை. அச்சிலும் வந்தது, இணையத்திலும் வந்தது, கேட்பவர்களுக்கு ஒலியிலும் வந்தது!

எண்கள் பேசட்டும்!

ஊடகத்தை நம்புகிறீர்களா என்று அமெரிக்கர்களைக் கேலப் நிறுவனம் கேட்டது. 1976-ல் நம்பியவர்கள் 72 சதவீதம். 2025-ல் 28 சதவீதம்!

30 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பியூ 2024-ல் கேட்டது. தேசியச் செய்தி நிறுவனங்களை நம்புவோர் 56 சதவீதம். சமூக ஊடகத்தை நம்புவோர் 52. கிட்டத்தட்ட சமம்!

ட்விட்டரில் 30 லட்சம் பேர் பரப்பிய செய்திகளை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அலசி 2018-ல் வெளியிட்டார்கள். 1,500 பேரைப் போய்ச் சேர, பொய்யைவிட உண்மைக்கு 6 மடங்கு நேரம் பிடித்தது! பரப்பியது இயந்திரமா? இல்லை, மனிதர்கள்தான்!

2005 முதல் 2024 வரை அமெரிக்காவில் மூடிய பேப்பர்கள் 3,200-க்கு மேல். சராசரியாக வாரத்துக்குச் சுமார் மூன்று!

2025 மே மாதம் 'சிகாகோ சன்-டைம்ஸ்' அச்சு இணைப்பில் கோடைக்குப் படிக்க 15 புத்தகங்கள் பட்டியல் வந்தது. அவற்றில் 10 புத்தகங்கள் உலகிலேயே இல்லை! செயற்கை நுண்ணறிவு கற்பனை செய்தவை! பே ஏரியாவில் வாழும் இசபெல் அயெண்டே எழுதாத நாவல் ஒன்றும் அதில் இருந்தது! தெற்கு நியூ ஜெர்சிக்காரர்கள் வாங்கும் 'பிலடெல்ஃபியா இன்க்வயரர்' இணைப்பிலும் அதே பட்டியல்!

திருத்தமே மகுடம்!

இத்தனையும் தோண்டிய பிறகு எனக்கு ஒன்று உறுதி. காகிதம் உண்மையைத் தராது, திரையும் தராது. போடும் முன் யார் விசாரித்தார்கள், போட்ட பின் தவறை யார் ஒப்புக்கொண்டார்கள் என்பதே கணக்கு! அதற்கும் சரக்கு வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவின் முதல் செய்தித்தாள் 1690 செப்டம்பர் 25-ல் பாஸ்டனில் வந்தது. முதல் இதழிலேயே "தவறு இருந்தால் அடுத்த இதழில் திருத்துவோம்" என்று உறுதி சொன்னது. அடுத்த இதழ் வரவே இல்லை. 4-ஆம் நாள் அரசு தடை போட்டது!

அந்தப் பேப்பருக்கு நான்கு பக்கம். மூன்றில் அச்சு. நான்காவது காலி! வாசகர் தன் செய்தியையும் எழுதி அடுத்தவருக்கு அனுப்பட்டும் என்று விட்ட இடம்! 1690-லேயே ஃபார்வர்டு!

விண்வெளியில் ராக்கெட் வேலை செய்யாது, பள்ளி மாணவனுக்குத் தெரிந்தது கூட ராபர்ட் கோடார்டுக்குத் தெரியவில்லை என்று 1920-ல் நியூயார்க் டைம்ஸ் கேலி செய்தது. வருத்தம் தெரிவித்தது எப்போது? அப்போலோ 11 நிலாவுக்குக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17! 49 ஆண்டு தாமதம்!

அதே பேப்பரின் முதல் பக்கத்தில் தினமும் ஒரு தவறு! 1898-ல் இதழ் எண் 14,499-க்குப் பிறகு 15,000 என்று தாவிவிட்டது. 500 இதழ் கூடுதல் கணக்கு! கண்டுபிடித்தவர் 24 வயது உதவியாளர் ஒருவர். 2000 ஜனவரி 1-ல்தான் திருத்தினார்கள்!

கடைசியாக என் கிரீடத்தின் வைரம்! 1853-ல் சாலமன் நார்த்தப் என்ற மனிதரைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் எழுதியபோது அவர் பெயரைத் தவறாக அச்சிட்டது. 2014 மார்ச்சில் அவர் கதை படமாகி ஆஸ்கர் வென்றது. ட்விட்டரில் ஒரு வாசகர் பழைய பக்கத்தைத் தேடிப் பார்த்துப் பிழையைப் பிடித்துவிட்டார். இரண்டே நாளில் டைம்ஸ் திருத்தம் வெளியிட்டது. பேப்பரில் விழுந்த பிழை, நெட்டில் பிடிபட்டு, சரியானது. எத்தனை ஆண்டு கழித்து? 161!